மேல்கணக்கு வேனுக்குச் சாத்திய எண்ணெய்

எண்ணெய் வைக்காத தலையோடு ஒரு பெண் காலை பஸ்ஸுக்கு இறங்கிப் போனால் தேயிலைத் தோட்டம் சும்மா விடுமா? யோகராணி பதுளையில் ஃபைபர் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவளுடைய தலைதான் லயத்து வரிசை வீடுகளுக்கெல்லாம் பேச்சாக இருந்தது. கொழுந்துக்குப் போகிற பெண்கள் கூடையை மாட்டிக்கொண்டே கேட்பார்கள்: "என்னாடி இது, பறட்டைத் தலையோட கெளம்பிட்ட? கொழும்புல இருக்கிற ஒம் புருசன் எண்ணெய் வாங்கிக் குடுக்க மாட்டானா?" அடுத்த வீட்டு ரெங்கம்மாவுக்குக் கேலி பண்ணத் தெரியாது. அவள் தன் வீட்டுப் போத்தலையே எடுத்துவந்து வழியை மறித்துக்கொண்டு நிற்பாள். யோகராணி குனிந்து நழுவிச் சிரித்துக்கொண்டே ஓடுவாள். "இப்ப வேணாம் பெரியம்மா, வேலைக்கு ஆவாது!" ஏன் ஆகாது என்று ஒரு நாளும் நின்று சொன்னதில்லை. பஸ் போய்விடுமே!

ரெங்கம்மா வெறும் அடுத்த வீட்டுக்காரி இல்லை. அதைச் சொல்லாமல் இந்தக் கதையில் ஓரடி நகர முடியாது.

தெமோதரை ரயில் நிலையத்திலிருந்து ஏறிப் போனால், தோட்டத்தின் கடைசி லயங்கள் இருக்கிற இடம்தான் மேல்கணக்கு. அதற்கு மேலே தேயிலையும் பாறையும் மேகமும். பாதை என்று ஒன்று இருக்கிறது. ஐப்பசி மழையில் அதுவும் இருக்காது. அப்படிப்பட்ட ஒரு மழை நாளில்தான் யோகராணிக்கு வலி கண்டது. தோட்டத்து லொறி இரண்டாம் வளைவில் சேற்றுக்குள் இறங்கி, இனி நகரமாட்டேன் என்று நின்றுவிட்டது. ஆட்கள் பார்த்துக்கொண்டு நிற்கவில்லை. ஒரு கம்பளியை மூங்கிலில் தூளியாகக் கட்டி, அவளை அதில் கிடத்தி, தோள் மாற்றித் தோள் மாற்றிக் கீழே கொண்டுபோனார்கள். அட்டை கடித்த காலைக்கூட யாரும் நின்று உதறவில்லை. ரெங்கம்மா அவள் கையை விடாமல் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே ஓடினாள். "கண்ண மூடாதடி! என்னயப் பாரு, வேணும்னா என்னயத் திட்டு, கண்ண மட்டும் மூடாத!" என்று வழி நெடுகக் கத்திக்கொண்டே வந்தாள். இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் இரண்டு உயிரும் தங்கியிருக்காது என்று பதுளை ஆஸ்பத்திரியில் டொக்டர் சொன்னாராம். அன்றைக்குப் பிறந்த மகள் விதுஷா இப்போது ஐந்தாம் வகுப்பில் படிக்கிறாள். வாய் கொஞ்சம் அதிகம்.

அந்த நன்றியை யாரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது? தூக்கியவர்களில் யாரைக் கேட்டாலும், "நான் எங்க தூக்குனேன், சும்மா கூட நடந்தேன்" என்பார்கள். ரெங்கம்மாவோ, "போடி, வேலையத்தவளே" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவாள். வாங்கிக்கொள்ள ஆளில்லாத நன்றி யோகராணியின் நெஞ்சுக்குள்ளேயே கிடந்தது.

பதுளையில் மொஹிதீன் நானாவின் கராஜில் அவளை முதலில் எடுத்தது தேத்தண்ணி போடவும் கூட்டிப் பெருக்கவும்தான். கண்ணாடி நாரை விரித்து, ரெசின் பூசி, காயவைத்து வண்டிக்குக் கூரையும் முகப்பும் செய்கிற இடம் அது. தூசி உடம்பில் பட்டால் மூன்று நாளைக்கு அரிக்கும். வந்த பையன்கள் சொறிந்துகொண்டே ஓடிப்போனார்கள். தேயிலைக் கிளை கீறிக் கீறிப் பழகிய கை யோகராணியுடையது, அவள் ஓடவில்லை. இரண்டு டின்னிலிருந்து பசையைக் கலந்துகொடுக்க ஒருநாள் ஆள் இல்லாமல் போக, அவள் கலந்தாள். அடுத்த வாரம் அவளே பூசினாள். நானா எதையும் சொல்லிக்கொடுக்கிற ஆள் இல்லை, பிழை விட்டால் ஏசுகிற ஆள். ஆனால் ஏசிய கையோடு தின்ன ஒரு பணிஸையும் நீட்டுவார்.

இரும்புச் சட்டத்தோடு ஃபைபரைச் சேர்ப்பது எல்லோருக்கும் வராது. இரும்பை இரும்போடு ஒட்ட நெருப்பு இருக்கிறது. ஃபைபர் நெருப்பைக் கண்டால் எரிந்துவிடும். ஆணி, போல்ட் அடிக்கலாம்தான். ஆனால் எங்கே துளை போடுகிறோமோ அங்கே வெடிப்புக்கு வழி விட்டதாக ஆகும், அதிலும் எங்கள் மலைப்பாதைக் குலுக்கலில். ஆகவே பசைதான். இரண்டு பக்கத்தையும் துப்புரவாக்கி, சொரசொரப்பாகத் தேய்த்து, மறுபடி துடைத்து, பசை முழுக்கப் பிதுங்கி வெளியே போய்விடாமல் இடையிடையே மெல்லிய கம்பித் துண்டு வைத்து, கூரையை உட்காரவைத்து, பிறகு தொடாமல் காத்திருக்க வேண்டும். சரியாகப் பிடித்தால் சட்டமும் கூரையும் ஒரே உடம்பு. யோகராணி ஒட்டிய எதுவும் அதுவரை திரும்பி வந்ததில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு, இல்லாமலா இருக்கும்?

அப்போதுதான் மேல்கணக்குக்கு ஒரு வேன் வந்தது. கொழும்பிலும் வெளியூர்களிலும் வேலை செய்கிற தோட்டத்துப் பிள்ளைகள் சேர்ந்து ஒரு பழைய வேனை வாங்கி அனுப்பியிருந்தார்கள், நோயாளிகளைக் கொண்டுபோகவென்று. நல்ல மனதுதான். ஆனால் உள்ளே ஒருவரைக் கிடத்தினால் கூட இருக்கிறவர் நிமிர முடியாது. சேலைன் போத்தலை எங்கே மாட்டுவது? கூரையை வெட்டியெடுத்து, உயரமான ஃபைபர் கூரை வைக்க வேண்டும் என்றாயிற்று. யோகராணி அன்றைக்கே கோயில் முன்றலில் எல்லோர் முன்னிலும் சொல்லிவிட்டாள்: "ஒட்டுறது நான். ஒருத்தரும் வேற ஆளுகிட்ட போகாதீங்க." மொஹிதீன் நானா கூரையைச் செய்து கொடுத்தார். கூலியைப் பற்றிப் பேசப்போனால் அவருக்கு அன்றைக்குப் பார்த்துக் காது கேட்கவில்லை.

இரும்புக் கூரையை வெட்டிய வேன், மூடி கழன்ற அட்டைப்பெட்டி மாதிரிதான். பக்கச் சுவரெல்லாம் நேராக நிற்கும், பிடித்துத் திருகினால் நெளியும். ஒட்டுகிற மூடிதான் அதற்குத் திரும்பப் பலம் கொடுக்க வேண்டும். வளைவுக்கு வளைவு அந்த ஒட்டு பிடித்துக்கொண்டால் வேன் வேனாக இருக்கும். விட்டுவிட்டால்? உள்ளே படுத்திருக்கிறவளை நினைக்கவே யோகராணிக்குப் பிடிக்காது. அதற்குள் படுக்கப்போகிற முதல் ஆளும் யாரென்று தெரிந்துவிட்டது. வேனை ஓட்டப்போகிற தயாபரனின் பெண்சாதிக்கு அது நிறைமாதம்.

நானாவின் கராஜ் கூரை தாழ்வு. உயரக் கூரை வைத்த வேன் அதற்குள் நிற்காது. எனவே தோட்டத்திலேயே, கொழுந்து நிறுக்கிற பழைய மடுவக் கொட்டகைக்குள் வேலை நடந்தது. சனிக்கிழமை யோகராணி சட்டத்தின் மேல்விளிம்பைச் சுற்றிவரத் தேய்த்து வெள்ளி போல ஆக்கினாள். மல்லாத்தி வைத்த ஃபைபர் கூரையின் விளிம்பையும் தேய்த்தாள். தின்னரால் துடைத்து, பொலித்தீனால் மூடினாள். ஞாயிறும் திங்களும் அவளால் வேலை செய்ய முடியாது. யாராலும் முடியாது. மேல்கணக்கு மாரியம்மன் கோயில் கும்பாபிஷேகம்!

ஞாயிற்றுக்கிழமை எண்ணெய்க்காப்பு. வருஷத்துக்கு வருஷம் வருகிற காரியமா அது? ஐயர் மட்டுமே தொடுகிற அம்மனை அன்றைக்கு ஒருநாள் எல்லோரும் தொடலாம். கையில் கொஞ்சம் நல்லெண்ணெய் எடுத்து, வரிசையில் நின்று, தலையிலிருந்து பாதம்வரை தன் கையாலேயே சாத்தலாம். கொழுந்தெடுத்துக் கறுத்த கைகள், தேயிலை வெட்டுகிற கவ்வாத்துக் கத்தி பிடித்துக் காய்த்த கைகள், பிள்ளைகளின் குட்டிக் கைகள். காலையிலிருந்து அந்தி சாயும்வரை வரிசை குறையவில்லை. தோட்டம் முழுக்க நல்லெண்ணெய் வாசம். யோகராணியும் விதுஷாவின் கையைப் பிடித்து எண்ணெய் சாத்த வைத்தாள், அழுதாள், வீட்டுக்கு வந்தாள்.

செவ்வாய்க்கிழமை பகல் வெயில் ஏறியதும் கூரையை ஒட்டினார்கள். பொலித்தீன் மூடியபடியே இருந்தது. தூசிக்காக ஒரு துணியைத் தின்னரில் நனைத்து, சுவரோரத்து முன்மூலையில் தொடங்கிச் சுற்றிவர ஒருதரம் துடைத்தாள், அவ்வளவுதான். எண்ணெய் வாசம் மூக்கில் ஏறத்தான் செய்தது. ஆனால் அந்த மூன்று நாளில் எங்கே அது ஏறவில்லை? அவள் சேலையிலேயே அடித்தது. "தூக்குங்க... மெதுவா... எறக்குங்க!" என்று அவள் கத்த, ஊரே சேர்ந்து கூரையை உட்காரவைத்தது. மேலே மணல் மூட்டைகளை அடுக்கினார்கள். யோகராணி நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, 'அப்பாடா, இவ்வளவாவது செய்ய விட்டாயே தாயே' என்று கோயில் பக்கம் பார்த்துக் கும்பிட்டாள்.

வெள்ளிக்கிழமை பூசை போட்டு வேனை இறக்குவதாக ஏற்பாடு. வியாழன் பின்னேரம் மடுவத்தில் மாலை கட்டிக்கொண்டிருந்தார்கள். கோயில் தலைவர் வீரய்யா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அதிகாரம் பண்ணிக்கொண்டிருந்தார். யோகராணி மூட்டைகளை இறக்கிவிட்டு, பிதுங்கிக் காய்ந்த பசையைச் சீவிக்கொண்டிருந்தாள். ரெங்கம்மா வந்து வேனை அண்ணாந்து பார்த்தாள்.

"எம்புட்டு அழகா இருக்கா பாரு! அம்மனுக்குச் சாத்துன எண்ணெய இவளுக்கும் சாத்தினோம்ல, அதான் முகம் இப்புடி மின்னுது."

யோகராணியின் கை நின்றது. "எவளுக்குப் பெரியம்மா?"

"இவளுக்குத்தான், வேனுக்கு! ஞாயித்துக்கெழம கோயில்ல மிஞ்சுன எண்ணெய எடுத்துக்கிட்டு ஒரு இருவது பொம்பளைங்க வந்தோம். நம்ம உசிரக் காக்கப்போறவ. அவளுக்கும் ஒரு காப்பு சாத்த வேணாமா?"

"எங்க சாத்துனீங்க?"

"மேலதான். நீ தேச்சுத் தேச்சு வெள்ளி மாதிரி வச்சிருந்தியே, அந்தச் சுத்துல. கொழுந்துப் பெட்டி மேல ஏறி நின்னு சாத்தினோம். மல்லாந்து கெடந்த கூரைக்குந்தான். ஒனக்கு வேலைக்கு எடைஞ்சலா இருக்கக்கூடாதுன்னு முந்தானையால நல்லாத் தொடச்சு, நீ மூடுன மாதிரியே மூடியும் வச்சிட்டோம்." ரெங்கம்மா சொல்லச் சொல்ல அவள் முகமெல்லாம் சிரிப்பு. "ஒண்ணொண்ணும் ஒன்ன நெனச்சிக்கிட்டுத்தான் சாத்தினோம் தாயி."

அடக் கடவுளே! யோகராணி ஒட்டின விளிம்பைத் தடவினாள். சொரசொரப்பாகத் தேய்த்த ஃபைபர், எண்ணெயைத் துணி போல உறிஞ்சியிருக்கும். போதாததற்கு அவளே ஒரே துணியால் சுற்றிவரத் துடைத்து, மிச்சம் மீதி இருந்த இடத்துக்கும் அதைப் பரப்பிவிட்டிருக்கிறாள். வெளியே பார்த்தால் ஒட்டு அழகாக இருக்கிறது. தட்டிப் பார்த்தாள், சத்தமும் நன்றாகத்தான் இருந்தது.

மடுவத்துக்குப் பின்னால் போய் நானாவுக்குப் போன் எடுத்தாள். முழுவதையும் கேட்டுவிட்டு அவர் சொன்னார்:

"தங்கச்சி, ஒட்டு புடிச்சீக்கா இல்லையான்னு வெளியால பாத்து ஒருத்தருக்கும் செல்ல ஏலா. கழட்டிப் பாத்தாத்தான் தெரியும். கழட்டினா ஊருக்குத் தெரியும். நீங்கதான் யோசிக்கணும்."

அவள் திரும்பிப் பார்த்தபோது தயாபரன் நின்றுகொண்டிருந்தான். எல்லாம் கேட்டுவிட்டது அவன் முகத்திலேயே தெரிந்தது.

"அக்கா, சுத்திவர போல்ட் அடிச்சிருவோமே? ராவோட ராவா முடிச்சிரலாம். யாருக்கும் ஒண்ணும் தெரிய வேணாம். பெரியம்மா மனசும் நோவாது. எம் பொஞ்சாதிக்கு நாள் நெருங்கிருச்சு அக்கா, வேன் வேணும்."

யோகராணிக்கும் ஆசையாகத்தான் இருந்தது. பொய் சொல்வானேன்? தன்னைச் சுமந்து கொண்டுபோன கைகள் அவை. அந்தக் கைகளைப் பார்த்து, 'நீங்கள் தொட்டதால்தான் கெட்டது' என்று எப்படிச் சொல்வது? அதைவிடப் போல்ட் லேசு. ஆனால் அவள் மனம் இரண்டாம் வளைவுக்குப் போய் நின்றது. வேன் ஒரு பக்கம் சாய்கிறது. ஒவ்வொரு துளையிலும் ஒரு வெடிப்பு. உள்ளே தயாபரனின் பெண்சாதி. அவள் கையைப் பிடித்துக்கொண்டு யார் உட்கார்ந்திருப்பாள்? சந்தேகமே இல்லை, ரெங்கம்மாதான்.

"வேணாம் தம்பி. ஒம் பொஞ்சாதி போற வண்டி இது" என்றாள்.

மடுவத்தின் நடுவில் போய் நின்று சொல்லிவிட்டாள். எண்ணெய் பட்ட இடத்தில் பசை பிடிக்காது, கூரையைக் கழற்ற வேண்டும், நாளைக்கு வேன் இறங்காது. மாலை கட்டிக்கொண்டிருந்த கைகள் அப்படியே நின்றுவிட்டன.

வீரய்யாவுக்கு மூக்கின் மேல் கோபம் வந்தது. "என்ன பேச்சுப் பேசுற நீ? அம்மனுக்குச் சாத்துன எண்ணெய் கெடுத்துருச்சுங்கிறியா? கும்பாபிஷேகம் முடிஞ்ச வாரத்துல பேசுற பேச்சா இது?"

"அம்மன ஒண்ணும் சொல்லல மாமா. எண்ணெய் குளிர்ச்சிக்கு. இது ஒட்டணும். பொறுங்க, ஒரு மூலையப் பாத்துட்டு அப்பறம் ஏசுங்க."

பின்பக்க மூலையில் பசைக்கோட்டுக்குள் தட்டை உளியை வைத்து ஒரு தட்டுத் தட்டினாள். தயாபரன் கூரையை மேலே நெம்பினான். 'டப்' என்று ஒரு சின்னச் சத்தம். ஒரு முழ நீளத்துக்குக் கூரை இரும்பைவிட்டுக் கிளம்பி வந்துவிட்டது, பலாக்கொட்டையிலிருந்து தோல் கழலுகிற மாதிரி. அடியில் இரும்பு பளபளவென்று இருந்தது. பசையின் ஒரு பொட்டுக்கூட அதில் இல்லை.

பக்கமெல்லாம் அப்படித்தான் வந்தது. மடுவத்துச் சுவரை ஒட்டி நின்ற முன்மூலை மட்டும் அசையமாட்டேன் என்றது. மூன்று ஆண்பிள்ளைகள் தொங்கியும் வரவில்லை. கடைசியில் கிரைண்டரால் அறுத்தபோது, ஒட்டு விடாமல் ஃபைபர்தான் கிழிந்தது.

"அந்த மூலை எங்களுக்கு எட்டல" என்றாள் கூட்டத்தில் யாரோ ஒரு பெண், மெதுவாக.

வீரய்யா மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டார். எல்லோரும் ரெங்கம்மாவைப் பார்த்தார்கள். அவள் தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு வீட்டுப் பக்கம் நடந்தாள்.

யோகராணி பின்னாலேயே ஓடினாள். "பெரியம்மா, நில்லுங்க! ஏன் தலைக்கு எண்ணெய் வைக்கலன்னு இத்தன வருசமாக் கேட்டீங்களே, ஒருநா நின்னு பதில் சொன்னேனா நான்? சொல்லியிருந்தா நீங்க செஞ்சிருப்பீங்களா? நீங்க இல்லாட்டி நானும் இல்ல, எம் புள்ளையும் இல்ல. எனக்குத் தெரிஞ்சது இந்த ஒரு வேலைதான் பெரியம்மா, அத ஒங்களுக்கு ஒழுங்காச் செஞ்சு குடுக்கணும்னுதான்..." லயத்துப் படியில் ரெங்கம்மா கதவைத் திறந்து உள்ளே போய்விட்டாள். யோகராணி கண்ணைத் துடைத்துக்கொண்டு மடுவத்துக்குத் திரும்பினாள்.

ஆனால் கொஞ்ச நேரத்தில் ரெங்கம்மா திரும்பி வந்தாள். கையில் அவள் புருஷன் உடுத்திய பழைய வேட்டிகள், துவைத்து மடித்தவை. அந்த மனுஷன் போய்ச் சேர்ந்ததிலிருந்து பெட்டிக்குள் பத்திரமாக இருந்தவை.

"தொடைக்கத் துணி வேணும்ல? இது நல்லாத் தேஞ்ச துணி, நூல் விடாது. சொல்லு, எப்புடித் தொடைக்கணும்?"

இந்த முறை யோகராணி நின்று சொன்னாள். ஒரு துணியை ஒருதரம்தான் எடுக்க வேண்டும். ஒரே பக்கமாக ஒரு இழு, அதோடு அந்தத் துணி குப்பைக்கு. துடைத்த துணியாலேயே திரும்பத் துடைத்தால் எண்ணெய் ஊர் சுற்றும். "நானே அப்புடித்தான் சுத்தவிட்டேன்" என்று சொல்லித் தலையில் தட்டிக்கொண்டாள். யாரோ சிரித்தார்கள், மடுவத்துக்கு மூச்சு வந்தது.

மறுநாள் வெள்ளிக்கிழமை. பூசைக்கு வரச் சொன்ன நேரத்துக்கு எல்லோரும் வந்தார்கள், மாலை இல்லாமல். முதலில் சவர்க்காரமும் சுடுதண்ணியும் போட்டுக் கழுவினார்கள். பிறகு யோகராணியும் தயாபரனும் முகத்தை மூடிக்கொண்டு, பழைய பசையையும் எண்ணெய் ஊறிய மேற்பரப்பையும் தேய்த்தெடுத்தார்கள். கிழிந்த மூலைக்குப் புது நார் வைத்துக் கட்டினார்கள். அதன் பிறகு வரிசை. எண்ணெய்க்காப்புக்கு நின்ற அதே வரிசை, அதே ஆட்கள். கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, டிஸ்பென்சரியிலிருந்து வந்த கையுறையை மாட்டி, ஆளுக்கு ஒரு துண்டு வேட்டித் துணி. பெட்டி மேல் ஏறி, தின்னரில் தோய்த்து, ஒரு இழு இழுத்துவிட்டு இறங்கினார்கள். வீரய்யா தன் முறைக்கு வந்து மிக மரியாதையாக ஒரு சாண் துடைத்தார். இறங்கியதும் பழக்கத்தில் வேனைக் கும்பிட்டும் விட்டார். அவரைப் பார்த்துச் சிரித்தால் சண்டைக்கு வருவார் என்று எல்லோரும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

கடைசியில் யோகராணி ஒரு செம்புத் தண்ணீரை எடுத்து விளிம்பில் விட்டாள். எண்ணெய் மிஞ்சியிருந்தால் தண்ணீர் சேம்பிலையில் போல முத்து முத்தாக உருளும். எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். தண்ணீர் உருளவில்லை. விளிம்பு முழுக்க ஒரே படலமாகப் பரவி, எங்கேயும் உடையாமல் நின்றது. யோகராணி ரெங்கம்மாவைப் பார்த்தாள். "பாத்தீங்களா? ஒங்க கை தொடச்சது."

விளிம்பு நன்றாகக் காய்ந்த பிறகு, வெயில் இருக்கும்போதே கூரையை மறுபடி உட்காரவைத்தார்கள்.

புது நாள் குறித்து, புது மாலைக்குச் சொல்லி, எல்லாம் தயார். ஆனால் பிள்ளை நாள் பார்த்தா வரும்? குறித்த நாளுக்கு முந்தின நாள், விடிகிற நேரத்தில் தயாபரன் ஓடிவந்து கதவைத் தட்டினான். வெளியே மழை. பூசையும் இல்லை, மாலையும் இல்லை. யோகராணி முதலில் எண்ணிப் பார்த்தது ஒட்டு காய்ந்து எத்தனை நாள் ஆகிறது என்று. போதும், நன்றாகவே போதும். "எடு வண்டிய!" என்றாள்.

அவன் பெண்சாதியை உள்ளே கிடத்தினார்கள். ரெங்கம்மா ஒரு பையை இடுக்கிக்கொண்டு வந்தவள், கதவருகில் தயங்கி நின்றாள். இரண்டு கையையும் நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள்.

"நான் தொடலாமாடி?"

யோகராணி கதவை அகலத் திறந்தாள். "தொடுங்க பெரியம்மா. இனிமே எந்தக் கை தொட்டாலும் விடாது."

ரெங்கம்மா கூரையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டுதான் ஏறினாள். இரண்டாம் வளைவில் வேன் ஒரு பக்கம் நன்றாகச் சாய்ந்தது. யோகராணி காதைத் தீட்டிக்கொண்டு, உள்ளங்கையைக் கூரை ஒட்டில் பதித்துக்கொண்டு இருந்தாள். ஒரு முனகல் இல்லை, ஒரு நெளிவு இல்லை. மழையின் சத்தத்துக்கு மேலே ரெங்கம்மாவின் குரல்தான் கேட்டது. "கண்ண மூடாதடி! என்னயப் பாரு! என்னயத் திட்டு!" யோகராணி அழுதுகொண்டே சிரித்தாள். இதே வளைவில் அன்றைக்குத் தூளியில் கிடந்து கேட்ட குரல். இன்றைக்கு உட்கார்ந்து கேட்கக் கொடுத்துவைத்திருக்கிறதே!

பதுளை ஆஸ்பத்திரியில் பொழுது நன்றாக ஏறிய பிறகு தாதி வந்து சொன்னாள், ஆண் பிள்ளை, தாயும் சுகம் என்று. தயாபரன் தூணைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதான். ரெங்கம்மா கையை மேலே தூக்கிக் கும்பிட்டாள். பிறகு வாங்குப் பலகையில் உட்கார்ந்து பையைத் துழாவினாள். உள்ளேயிருந்து வந்தது, வேறென்ன, எண்ணெய்ப் போத்தல்.

"இன்னைக்கு ஒனக்கு வேலை இல்லதானே?" என்று கேட்டாள்.

"இல்ல பெரியம்மா" என்றாள் யோகராணி. வாங்குக்குக் கீழே தரையில், ரெங்கம்மாவின் முழங்காலுக்கு முன்னால் உட்கார்ந்து, கொண்டையை அவிழ்த்துத் தலையைக் குனிந்து கொடுத்தாள்.